சைக்கிளுக்கும் அன்றாட உடற்பயிற்சிக்கும் எதைக் கட்டுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வாரத்தில் சில நாள் சைக்கிள், மற்ற நாட்களில் நடை, நடுவில் கொஞ்சம் தண்டால், பஸ்கி. இதையெல்லாம் பதிவு செய்ய ஒரு வாட்ச் வேண்டும், எதை வாங்குவது என்று கேட்கிறவர்கள் அதிகம். தேட ஆரம்பித்த இரண்டாம் நாளே அவர்கள் கையில் ஒரு பட்டியல் சேர்ந்துவிடும்: மெல்லிய ஃபிட்னஸ் பேண்ட், ஸ்மார்ட்வாட்ச், ஓட்டக்காரர்கள் கட்டுகிற ஜிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் வாட்ச். போதாததற்கு, “சைக்கிளுக்கு வாட்சே வேண்டாம், ஹேண்டில்பாரில் மாட்டுகிற கம்ப்யூட்டர் வாங்கு” என்று ஒரு நண்பரின் அறிவுரை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க உடலைக் கவனிக்க மணிக்கட்டைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அளப்பதற்கும் சரி, பார்ப்பதற்கும் சரி, மணிக்கட்டு மோசமான இடம். இரண்டு வேலையையும் ஒரே பொருளின் தலையில் கட்டப் பார்ப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

பெட்டியின் மேல் “நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள்” என்று அச்சிட்டிருப்பதை மறந்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அளவீட்டின் மேல் ஒட்டிய வெவ்வேறு பெயர்கள். உண்மையில் உதவுகிற கேள்விகள் சிலதான்.

முதல் கேள்வி, எண்ணை எப்போது பார்க்கப் போகிறீர்கள்? ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வேகத்தையும் துடிப்பையும் பார்த்து அதற்கேற்ப மிதிப்பவர் ஒரு ரகம். ஓட்டி முடித்து, குளித்துவிட்டு, சாவகாசமாக வரைபடத்தைத் திறப்பவர் இன்னொரு ரகம். இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே நான்கில் இரண்டு வழிகள் கழன்றுவிடும்.

இரண்டாவது, இதயத்துடிப்பு எவ்வளவு துல்லியமாக வேண்டும்? “இன்று நன்றாக வேர்க்க ஓட்டினேன்” என்று தெரிந்தால் போதுமா? அல்லது நான்கு நிமிடம் முழுமூச்சாக மிதித்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மறுபடி மிதிக்கிற மாதிரிப் பயிற்சியா?

மூன்றாவது பேட்டரி. ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம், சும்மா கட்டியிருந்தால் எத்தனை நாள் என்று இரண்டு கணக்குகள் உண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. சைக்கிள்காரருக்குத் தேவை முதலாவது.

அப்புறம், சைக்கிளில் பொருத்தும் சென்சார்களோடு அது பேசுமா? சைக்கிள் இல்லாத மற்ற இருபத்து மூன்று மணி நேரத்துக்கு, அதாவது நடை, தூக்கம், வலுப்பயிற்சி ஆகியவற்றுக்கு, எவ்வளவு உதவும்? வாங்கிய பிறகு என்னென்ன செலவு வரும்? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

## மணிக்கட்டு ஏன் சைக்கிளில் சொதப்புகிறது

இது புரியாமல் எந்த ஒப்பீடும் பயன்படாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இடத்தில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இந்த முறை பிரமாதமாக வேலை செய்யும்.

ஹேண்டில்பாரைப் பிடித்ததும் நிலைமை மாறுகிறது. மணிக்கட்டு பின்னோக்கி மடிகிறது. பிரேக் லீவரில் விரல்கள் இறுகும்போது தசைநாண்கள் புடைக்கின்றன. வாட்சுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்து, அதற்குள் வெளிச்சம் புகுந்துவிடுகிறது. ரோட்டின் அதிர்வு முழுக்க டயர், ஃபோர்க், ஹேண்டில்பார் வழியாக நேராக அந்தக் கைக்குத்தான் வந்து சேர்கிறது. குளிர்காற்று அடித்தால் தோலுக்கு வரும் ரத்தம் வேறு குறைந்துவிடும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம், மை ஒளியைத் தடுத்துவிடும்.

விளைவு எப்படி இருக்கும் என்றால், ஒரு மேடு தொடங்குகிறது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். மூச்சு வாங்குகிறது, காதுக்குள் துடிப்பு கேட்கிறது. வாட்சைப் பார்த்தால் 104. மேடு முடிந்து, கால் ஓய்ந்து, கைப்பிடி தளர்ந்த பிறகு அதே வாட்ச் 158 காட்டும். வீட்டில் வந்து வரைபடத்தைத் திறந்தால், மேட்டில் ஓய்வெடுத்தது போலவும் இறக்கத்தில் உழைத்தது போலவும் ஒரு விசித்திரமான கதை இருக்கும்.

இதற்கு எதிர்வாதமாகச் சொல்லப்படும் ஓர் ஆய்வு உண்டு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். ஏழில் ஆறு கருவிகளின் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. இதில் வேடிக்கை, நடையில்தான் பிழை அதிகம், சைக்கிளில் மிகக் குறைவு! ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிள். அங்கே பள்ளம் கிடையாது, பிரேக் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது. வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளை மட்டும் மிதிப்பவருக்கு அது நல்ல செய்தி. ரோட்டில் போகிறவர் அந்த எண்ணைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

மார்புப் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒளியை நம்புவதில்லை. இதயம் துடிக்கும்போது எழும் மின்சைகையையே தோலின் மேலிருந்து பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் கம்பியில்லாத துடிப்புமானியை விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. குறை என்றால், உலர்ந்த மார்பில் முதல் சில நிமிடம் தடுமாறும். கட்டுவதற்கு முன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் சரியாகிவிடும். பட்டை இறுக்கம் பிடிக்காதவர்களுக்கு மேல்கையில் கட்டும் ஒளிப் பட்டை ஒரு நல்ல நடுவழி. அங்கே மூட்டு மடிவதில்லை, சதையும் அதிகம்.

மணிக்கட்டிலேதான் அளப்பேன் என்பவர்கள், எலும்பு முண்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, ஓட்டும்போது பட்டையை ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். முடித்ததும் தளர்த்திவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கிற முன்னேற்றம் இது.

அளப்பது ஒரு பக்கம். பார்ப்பது? மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் சுமார் 7 மீட்டர் கடக்கிறார். ஒரு கையை எடுத்து, சட்டைக் கையை விலக்கி, வாட்சைத் திருப்பி, எண்ணைப் படித்து, மறுபடி ரோட்டைப் பார்க்க இரண்டு நொடி என்றாலும், 14 மீட்டர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்.

## வழி 1: போனும் ஃபிட்னஸ் பேண்டும்

சைக்கிள் பயணத்தைப் போன் பதிவு செய்யும். மீதி நாளைப் பேண்ட் பார்த்துக்கொள்ளும். பலரிடம் பாதி ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது என்பதே இந்த வழியின் பெரிய பலம். போனின் ஜிபிஎஸ் நல்ல தரத்தில்தான் இருக்கும். ஸ்ட்ராவா போன்ற ஆப்பைத் தொடங்கிப் பின்பக்கப் பையில் போட்டுவிட்டு ஓட்டினால் தூரம், வேகம், பாதை எல்லாம் வந்துவிடும். பேண்ட் எடையே தெரியாது. தூங்கும்போது உறுத்தாது. ஒரு சார்ஜில் ஒரு வாரமாவது தாங்கும். பல பேண்டுகள் இரண்டு வாரமும் தாங்கும்.

பல பேண்டுகளுக்குச் சொந்த ஜிபிஎஸ் இருக்காது, போனுடையதைத்தான் கடன் வாங்கும். அதில் தப்பில்லை. தொல்லை வேறு இடத்தில். பேண்ட் எடுக்கும் துடிப்பு, போனில் ஓடும் சைக்கிள் ஆப்புக்குப் பல சமயம் போய்ச் சேராது. ஒரே பயணம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதிவாகி, கலோரி இருமுறை கூடிவிடும். ஏதாவது ஒன்றில் மட்டும் பதிவு செய்வது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி வழிகாட்டியாகப் பயன்படுத்தலாமா? குறுகிய தூரத்துக்குப் பரவாயில்லை. நல்ல வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும், ஜிபிஎஸ்ஸும் திரையும் சேர்ந்து பேட்டரியைத் தின்னும், மழைத்துளி விழுந்தால் தொடுதிரை பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். மோட்டார் சைக்கிள் இன்ஜினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. மிதிவண்டியின் அதிர்வு அந்த அளவுக்கு இல்லை. என்றாலும் கரடுமுரடான பாதையில் நான் போனைப் பையில்தான் வைப்பேன். விழுந்து எழுந்து ஒருவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

பேண்ட் வாங்கும் சைக்கிள்காரர்கள் ஏமாறும் இடம் காலடி எண்ணிக்கை. பேண்ட் கை வீச்சை வைத்துத்தான் அடிகளை எண்ணுகிறது. ஹேண்டில்பாரில் கை அசையாது, 30 கி.மீ. ஓட்டிவிட்டு வந்தாலும் “இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை” என்று அது குறைப்பட்டுக்கொள்ளும். ரோடு மோசமென்றால் குலுங்கலையே அடிகளாக எண்ணிப் பாராட்டவும் செய்யும். 10,000 அடி என்ற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயரோடு பரவியதுதான். சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பொருத்தமான அளவு நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்கிறது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. ஃபிட்பிட்டும் கார்மினும் கடும் உழைப்பு நிமிடத்தை இரட்டிப்பாக எண்ணி இந்தக் கணக்கைக் காட்டுகின்றன. எந்தப் பேண்ட் வாங்கினாலும் முகப்பில் அடிகளுக்குப் பதில் இந்த நிமிடங்களை வைக்க முடியுமா என்று பாருங்கள்.

## வழி 2: ஸ்மார்ட்வாட்ச்

அழைப்பு, செய்தி, பாட்டு, பணம் செலுத்துவது எல்லாம் கையிலேயே வேண்டும் என்பவர்களுக்கு இது. மணிக்கட்டில் துடிப்பை அளக்கும் திறமையில் நல்ல ஸ்மார்ட்வாட்ச்கள் முன்வரிசையில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் ஒட்டுமொத்தப் பிழை குறைவாக இருந்தது ஆப்பிள் வாட்சுக்குத்தான்.

சைக்கிளுக்கு அவை தாமதமாகத்தான் வந்தன. ஆப்பிள் வாட்ச் 2021-ல் சைக்கிள் ஓட்டுவதைத் தானாக உணரத் தொடங்கியது. பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி), வேகம், பெடல் சுழற்சி சென்சார்களை ப்ளூடூத்தில் இணைப்பதும், ஐபோனை ஹேண்டில்பாரில் மாட்டி அதிலேயே எண்களைப் பார்ப்பதும் 2023-ல்தான் வந்தது. விளையாட்டுக் கருவிகளின் பழைய பொது மொழியான ஆன்ட் பிளஸ் அதற்குப் புரியாது. பழைய சென்சார் வைத்திருப்பவர்கள் அது ப்ளூடூத்திலும் பேசுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரிதான் பலவீனம். சாதாரண ஆப்பிள் வாட்சுக்கு அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கணக்கு 18 மணி நேரம். தூக்கத்தையும் அளக்க வேண்டும், காலையில் சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்றால் எப்போது சார்ஜ் போடுவது என்பதே தினசரிப் பிரச்சினை ஆகிவிடும். வியர்த்த விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை ஒத்துழைக்காது. இன்னொன்று, ஆப்பிள் வாட்ச் சொல்லும் இதயத் திறன் மதிப்பீடு வெளியில் நடை, ஓட்டம், மலையேற்றம் ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது. சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

இத்தனை சொன்னாலும் ஒரு விஷயத்தில் நான் இதன் பக்கம் சாய்வேன்: தனியாக ஓட்டுகிறவரின் பாதுகாப்பு. பலமாக விழுந்து அசையாமல் கிடந்தால் தானாக அவசர அழைப்பு போகும். சிம் வசதியுள்ள மாடல் என்றால் போன் கையில் இல்லாவிட்டாலும் கூப்பிடலாம். வயதானவர்களும் ஆளில்லாத ரோட்டில் போகிறவர்களும் மற்ற எல்லாக் குறைகளையும் இதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம்.

## வழி 3: ஜிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் வாட்ச்

கார்மின் ஃபோர்ரன்னர், போலார், சூன்டோ, கோரோஸ் வகையறா. பட்டன்கள் இருப்பதால் மழையிலும் வியர்வையிலும் இயக்கலாம். பேட்டரி கணக்கு வேறு உலகம்: ஃபோர்ரன்னர் 255-க்கு கார்மின் சொல்வது சாதாரணப் பயன்பாட்டில் 14 நாள், ஜிபிஎஸ்ஸோடு 30 மணி நேரம். தூக்கம், ஓய்வுத் துடிப்பு, பயிற்சிச் சுமை, மீட்சி எல்லாம் விட்டுப்போகாமல் பதிவாவதற்கு இந்தப் பேட்டரிதான் காரணம். கையிலிருந்து கழற்றாத வாட்சுக்குத்தான் நாளின் முழுக் கதையும் தெரியும்.

ஆனால் ஒரே குடும்பத்துக்குள் மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு, அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபோர்ரன்னர் 55-ல் பவர் மீட்டர் இணையாது, காற்றழுத்த உயரமானியும் கிடையாது. 255-ல் இரண்டும் உண்டு. ஓட்டக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை, சைக்கிள்காரருக்கு விஷயம். ஜிபிஎஸ் பக்கவாட்டில் சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும், உயரத்தில் அதைவிட அதிகம் தடுமாறும். அதனால்தான் ஏற்றங்களை எண்ணுகிறவர்கள் காற்றழுத்தமானியைக் கேட்கிறார்கள். கடல்மட்டத்துக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்; அந்த மாற்றத்தை அது உடனே பிடித்துவிடும். வானிலை மாறினால் ஏறாமலேயே ஏறியதாகச் சொல்வதும் உண்டு. வாட்சின் பக்கத்தில் இருக்கும் சிறு துளையை வியர்வை உப்பு அடைத்துவிட்டாலும் அதே கதி. சாதாரணத் தண்ணீரில் அலசினால் போதும்.

புதிய மாடல்களில் பெருமையாகச் சொல்லப்படும் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ்ஸுக்காக (செயற்கைக்கோளின் சைகையை இரண்டு அலைவரிசைகளில் வாங்குவது) மட்டும் சைக்கிள்காரர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவருக்கு அது பயன்படும். திறந்த ரோட்டில், ஒரே சீராக நகரும் சைக்கிளுக்குச் சாதாரண ஜிபிஎஸ்ஸே தூரத்தை நன்றாகச் சொல்லிவிடும்.

துடிப்பு விஷயத்தில் இதுவும் மணிக்கட்டு வாட்சுதான், மேலே சொன்ன அத்தனை நோயும் இதற்கும் உண்டு. ஆனால் மார்புப் பட்டையைச் சேர்த்தால் தீர்ந்தது. ரப்பர் தாங்கியை ஹேண்டில்பாரில் சுற்றி அதன் மேல் வாட்சைக் கட்டினால் பார்க்கும் பிரச்சினையும் ஓரளவு தீரும். வலுப்பயிற்சியில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தண்டாலையும் பஸ்கியையும் எண்ணுகிறேன் என்று அது சொல்லும் எண்ணிக்கையை நீங்கள்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

## வழி 4: சைக்கிள் கம்ப்யூட்டரும் மார்புப் பட்டையும்

சைக்கிள் மேல் இருக்கும் நேரத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. கார்மின் எட்ஜ், வாஹூ எலெமென்ட், பிரைட்டன் போன்றவை கண் எதிரே, பெரிய எழுத்தில், வெயிலிலும் தெரியும். எல்லாச் சென்சாரும் இணையும், திருப்பம் வருமுன் சொல்லும். சக்கர அச்சில் ஒரு வேக சென்சார் மாட்டிவிட்டால் சுரங்கப்பாதையிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் வேகம் தடுமாறாது.

இறங்கியதும் அதன் வேலை முடிந்தது. நடை தெரியாது, தூக்கம் தெரியாது. அதனால் இதைத் தனியாக வாங்கினால் கேள்வியின் மறுபாதிக்குப் பதில் இல்லை. ஏற்கெனவே ஸ்போர்ட்ஸ் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பல ஸ்போர்ட்ஸ் வாட்ச்கள் தாங்கள் அளக்கும் துடிப்பைக் கம்ப்யூட்டருக்கு ஒலிபரப்பும். நிதானமாக ஓட்டுகிற நாளில் மார்புப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | போன் + பேண்ட் | ஸ்மார்ட்வாட்ச் | ஸ்போர்ட்ஸ் வாட்ச் | கம்ப்யூட்டர் + மார்புப் பட்டை |
|---|---|---|---|---|
| ஓட்டும்போது எண்ணைப் பார்க்க | போனை முன்னால் மாட்டினால் மட்டும் | சிரமம் | தாங்கியில் கட்டினால் பரவாயில்லை | மிக நன்று |
| ரோட்டில் துடிப்புத் துல்லியம் | சுமார் | சுமார் முதல் நன்று | சுமார். பட்டை சேர்த்தால் மிக நன்று | மிக நன்று |
| பேட்டரி | பேண்டுக்கு வாரக்கணக்கில். போனுக்குக் கவனம் தேவை | ஓரிரு நாள் | ஒன்றிரண்டு வாரம் | பல மணி நேரப் பயணத்துக்குப் போதும் |
| பவர் மீட்டர் | ஆப்பைப் பொறுத்தது | ப்ளூடூத் மட்டும், சிலவற்றில் | மாடலைப் பொறுத்தது | இணையும் |
| நடை, தூக்கம், ஓய்வுத் துடிப்பு | நன்று | நன்று. தூக்கத்துக்குச் சார்ஜ் தடை | மிக நன்று | இல்லை |
| விழுந்தால் உதவி | பெரும்பாலும் இல்லை | மிக நன்று | உண்டு. போன் அருகில் வேண்டும் | பல மாடல்களில் உண்டு. போன் வேண்டும் |
| மறைமுகச் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | சென்சார் வாங்க வாங்கக் கூடும் |

அட்டவணையில் கலோரியைச் சேர்க்கவில்லை, வேண்டுமென்றே. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கலோரி மதிப்பீட்டில் ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழை செய்தது. கடைசியில் வந்தது 93 சதவீதம். சைக்கிளில் எதிர்க்காற்றும் பின்காற்றும் இறக்கமும் வாட்சுக்குத் தெரியாது என்பதால் இது இன்னும் சிக்கல். கலோரி நிஜமாகவே வேண்டுமென்றால் பவர் மீட்டர்தான் வழி. சராசரி 150 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 540 கிலோஜூல் வேலை. மிதிக்கும்போது நம் உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, ஒரு கிலோகலோரி 4.18 கிலோஜூல். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால், கிலோஜூல் எண்ணையே ஏறக்குறைய எரிந்த கிலோகலோரி என்று எடுத்துக்கொள்ளலாம். கலோரிக்காக மட்டும் வாட்ச் மாற்ற நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

## வாங்கிய பிறகு வரும் செலவு

சந்தா முதலில். இலவசமாக இருந்தவை மெல்லச் சந்தாவுக்குள் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு பாதைத் துண்டை யார் வேகமாகக் கடந்தார்கள் என்று காட்டும் முழுத் தரவரிசையை ஸ்ட்ராவா 2020-ல் கட்டணத்துக்குள் கொண்டுபோனது. கார்மின் 2025-ல் தன் ஆப்புக்கு ஒரு கட்டண அடுக்கைச் சேர்த்தது. பழைய வசதிகள் இலவசமாகவே இருக்கின்றன. சந்தா நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

நிறுவனமே கைவிட்டால்? அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வின் ஏழு கருவிகளில் பேசிஸ் பீக், சூடேறும் சிக்கலால் 2016-ல் திரும்பப் பெறப்பட்டது. மைக்ரோசாஃப்ட் பேண்ட் விற்பனையும் அதே ஆண்டு நின்று, அதன் இணையச் சேவை 2019-ல் மூடப்பட்டது. ஆய்வுக் கட்டுரை அச்சேறுவதற்குள் அதில் சோதித்த இரண்டு கருவிகள் சந்தையில் இல்லை! பெரிய நிறுவனம் என்பதால் காப்பு ஒன்றுமில்லை. 2020 ஜூலையில் இணையத் தாக்குதலில் கார்மின் சேவை சில நாள் முடங்கியது. அப்போதும் வாட்சைக் கேபிளில் கணினியோடு இணைத்துப் பயணக் கோப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களுக்குப் பதிவு போகவில்லை. கோப்பை வெளியே எடுக்க வழியில்லாத கருவியை நான் வாங்க மாட்டேன்.

பேட்டரியும் செலவுதான். தினமும் சார்ஜ் ஏறும் வாட்ச் ஆண்டுக்கு 300 சுற்றுக்கு மேல் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறுவது சுமார் 25. எது முதலில் தளர்ந்துபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு போன் சிறை வேறு: ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் கட்டாயம், சாம்சங்கின் 2021-க்குப் பிந்தைய கேலக்ஸி வாட்ச்கள் ஐபோனோடு சேராது. போனை மாற்றினால் வாட்சும் மாறும்.

பாதை விவரமும் ஒரு விலைதான். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவத் தளங்களில் ஓடியவர்களின் தடம் ஒளிர்ந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. நமக்கு ராணுவ ரகசியம் இல்லை. ஆனால் நல்ல சைக்கிள் எந்த வீட்டிலிருந்து தினமும் கிளம்புகிறது என்பது அந்தச் சைக்கிளைக் குறிவைப்பவனுக்குப் பயனுள்ள தகவல். வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பு பெரும்பாலான ஆப்களில் உண்டு, அதை முதல் பயணத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது

வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறவர், மாலையில் நடக்கிறவர், எண்களை வீட்டில்தான் பார்க்கிறவர்: போனும் பேண்டும் போதும். இதற்கு மேல் செலவழிப்பது ஆசைக்காக என்றால் தாராளமாகச் செய்யலாம், தேவைக்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

தனியாக ஓட்டுகிறவர், விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டும் என்ற கவலை உள்ளவர், தினமும் சார்ஜ் போடுவதை ஒரு வேலையாக நினைக்காதவர்: ஸ்மார்ட்வாட்ச்.

சைக்கிளோடு ஓட்டமும் நீச்சலும் உண்டு, பல மணி நேரம் ஓட்டுவார், தூக்கமும் மீட்சியும் தெரிய வேண்டும்: நடுத்தர ஸ்போர்ட்ஸ் வாட்சும் மார்புப் பட்டையும். ஒரே ஒரு பதில்தான் சொல்ல வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். விலையுயர்ந்த வாட்ச் மட்டும் வாங்குவதைவிட, ஒரு படி கீழே இறங்கி மிச்சத்தில் பட்டை வாங்குவது சைக்கிளில் கூடுதல் பலன் தரும்.

சைக்கிள்தான் முதன்மை, பயிற்சித் திட்டம் போட்டு ஓட்டுகிறார், தெரியாத பாதைகளில் நூறு கி.மீ. போகிறார்: கம்ப்யூட்டரும் பட்டையும், கூடவே மலிவான பேண்ட். வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) மட்டும் மிதிப்பவருக்கு இவற்றில் பெரும்பகுதி தேவையில்லை. ஸ்மார்ட் ட்ரெய்னர் என்றால் அதுவே வாட்டையும் சுழற்சியையும் சொல்லிவிடும், துடிப்புக்கு ஒரு பட்டை இருந்தால் போதும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்துகள் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், துடிப்பை வைத்து உழைப்பு நிமிடம் எண்ணும் எந்தக் கருவியும் உங்கள் உழைப்பைக் குறைத்தே சொல்லும். மற்றவர்களுக்கும், “220 கழித்தல் வயது” என்று கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் உச்சத் துடிப்பு ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேலும் மாறலாம். சைக்கிளில் எட்டும் உச்சம் ஓட்டத்தில் எட்டுவதைவிடப் பெரும்பாலும் சில துடிப்பு குறைவாகத்தான் இருக்கும். அமைப்புக்குள் போய் அந்த எண்ணைத் திருத்தாவிட்டால், உச்சத் துடிப்பை வைத்து உழைப்பை லேசு, மிதம், கடும் என்று பிரிக்கும் மண்டலக் கணக்கு முழுவதும் கோணலாகத்தான் வரும்.

வாங்கியாகிவிட்டது என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சிலவற்றைச் சோதித்துவிடுங்கள். நண்பரிடம் மார்புப் பட்டையைக் கடன் வாங்கி, பழகிய மேட்டில் இரண்டையும் சேர்த்து ஓட்டி, வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு பயணக் கோப்பை வெளியே எடுத்து வேறொரு ஆப்பில் ஏற்றிப் பாருங்கள். ஓரிரு இரவு கட்டிக்கொண்டு தூங்கி, பட்டைக்கு அடியில் தோல் சிவக்கிறதா என்று கவனியுங்கள். நடுப்பகல் வெயிலில், நீங்கள் ஓட்டும்போது போடுகிற கூலிங் கிளாஸோடு திரையைப் பாருங்கள். கண்ணாடி போலரைஸ்டு வகை என்றால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும், கடைக்குள் பார்த்தபோது அது தெரிந்திருக்காது.